விமானம் ஏறாத மருமகள்

1

பேராசிரியர்களை விமானம் ஏற விடாமல் தடுப்பதுதான் எனக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து விமானம் ஏறி வந்தவனைப் பிடித்து உட்கார வைத்து, "மற்றவன் எவனும் ஏறாமல் பார்த்துக்கொள்" என்று நெதர்லாந்துக்காரன் சம்பளம் கொடுக்கிறான் என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது.

விஷயம் இதுதான். உலகம் சூடாகிக்கொண்டு போகிறது, பல்கலைக்கழகம் பாடம் நடத்தினால் மட்டும் போதாது, நடந்தும் காட்ட வேண்டும் என்று மேலே முடிவெடுத்தார்கள். மாநாடு, கருத்தரங்கு என்று கிளம்பும் ஆசிரியர் யாராக இருந்தாலும் எங்கள் பயணப் பிரிவின் அனுமதி வாங்க வேண்டும். ரயில் போகிற ஊராக இருந்தால் ரயில்தான். கட்டாயம் பறந்தே ஆக வேண்டுமென்றால் அந்தத் துறை தண்டம் கட்ட வேண்டும். அந்தத் தண்டத்தில் கூரைக்குச் சூரியத் தகடு வாங்குவார்கள்.

என் மேசை முன்னால் நின்று கத்தாத பேராசிரியர் இல்லை. ஒருவர் முகம் சிவந்து, "நான் போவதே பருவநிலை மாநாட்டுக்குத்தான் ஐயா!" என்றார். அதற்கும் ரயில் இருக்கிறது என்று காட்டினேன். போனார். திரும்பி வரும்போது சளியும் இருமலுமாக வந்து, வழியில் ரயில் மாறின இடத்திலெல்லாம் என்னைத்தான் திட்டினதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த விதி வந்து ஒரு வருடம் ஆனதைக் கொண்டாடினார்கள். பெரிய கூடத்தில் கேக் வெட்டினார்கள். பால் இல்லை, முட்டை இல்லை, ருசி மட்டும் எப்படி இருக்கும்? நான் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு நிற்கும்போது செல்பேசி அடித்தது. ஊரிலிருந்து பத்மா அக்கா, என் ஒரே அக்கா.

"கீர்த்தி, ஆதிக்குப் பொண்ணு அமைஞ்சிடுச்சுடா. தை மாசம் நாள் குறிச்சாச்சு. கமலாவையும் நேமியையும் இட்டுக்கினு வந்து சேரு. நேமி இல்லாம என் புள்ள கல்யாணம் நடக்காது, சொல்லிட்டேன்."

வாய் நிறைய கேக்கோடு "சரிக்கா, சரிக்கா" என்றேன். சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கினால் மேடையில் மாணவர் கமிட்டி சார்பாக ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கிறாள். ஆசிரியர்களுக்கு மட்டும் விதி போட்டால் ஆயிற்றா, மாணவர்கள் நாங்களும் உறுதி எடுக்கிறோம், படிப்பு முடியும்வரை விமானம் ஏற மாட்டோம் என்று படிக்கிறாள். கூடம் முழுவதும் கை தட்டுகிறது. அந்தப் பெண் யார் என்கிறீர்கள்? சாட்சாத் என் மகள் நேமிதான்.

2

இந்த நாட்டு மொழியில் நிலைத்த வளர்ச்சி சம்பந்தமான எல்லாவற்றுக்கும் 'டூர்சாம்' என்று ஒரு சொல். நீடித்து நிற்பது என்று பொருள். ஆனால் 'டூர்' என்று மட்டும் சொன்னால் விலை அதிகம் என்று பொருள். வந்த புதிதில் எனக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும். கடையில் 'டூர்சாம்' என்று ஒட்டிய சோப்பு, அரிசி, துண்டு எதையும் தொட மாட்டேன். யானை விலை விற்கிறான், ஆனாலும் அதை வெளிப்படையாக எழுதி ஒட்டியிருக்கிறானே, என்ன யோக்கியமான கடைக்காரன் என்று என் மனைவி கமலாவிடம் சிலாகித்திருக்கிறேன்.

அதே புத்தியோடு இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கும் போனேன். "டூர்சாம் வாழ்க்கை பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். "கூடியவரை தவிர்ப்பேன்" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நகைச்சுவை உணர்வுள்ள ஆள் என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

உள்ளே போன பிறகுதான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மின்தூக்கிக் கதவில், ஐ.நா. சபையின் இலக்குகள் என்று பதினேழு வண்ணக் கட்டம் போட்ட படம். பசி ஒழிப்பு ஒரு நிறம், நல்ல தண்ணீர் ஒரு நிறம். குளிர்காலத்தில் அறைச் சூட்டைக் குறைத்துவிட்டு, பல்கலைக்கழகச் சின்னம் போட்ட கம்பளிப் போர்வை ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். கூட்டத்துக்கு வருகிற பெரிய மனிதர்கள் எல்லோரும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் காய்ச்சல் வார்டு மாதிரி இருக்கும். எந்தப் படிப்பு படிக்கிற பிள்ளையும் நிலைத்த வளர்ச்சி பற்றி ஒரு பாடமாவது எடுத்தே ஆக வேண்டும். உணவகத்தில் கேட்காமல் கிடைப்பது சைவம். மாமிசம் வேண்டுமானால் வாய் திறந்து கேட்க வேண்டும். பிறவிச் சைவனான எனக்கு அது ஒன்று மட்டும் மாமியார் வீட்டு உபசாரம்.

கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோடைச் சூட்டைத் தரைக்கு அடியில் சேர்த்துவைத்துக் குளிர்காலத்தில் எடுக்கிறார்கள். அதைப் பார்த்து நான் வாயைப் பிளந்தது நிஜம். ஆனால் உறுதியாக நின்ற ஒரு பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, அங்கே கண்ணாடிக் கட்டடம் எழுப்பி, அதையும் டூர்சாம் என்றார்கள். எது மெய், எது மேடைக்காக என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கேட்டால், "இரண்டும் கலந்துதான் இருக்கும் அப்பா, வேறு எப்படி ஆரம்பிப்பது?" என்கிறாள் என் மகள்.

3

நேமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு விசா கிடைத்தபோது அவளுக்குக் கிடைக்கவில்லை. கைக்குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தோம். பேச்சு வந்தது அங்கேதான்; அதற்குப் பிறகுதான் இங்கே அழைத்துக்கொண்டோம். அதனால் இந்தக் குளிர் ஊரில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிற என் மகள், போனில் "வந்துக்கினே இருக்கேன்பா" என்பாள். டச்சு அவளுக்குத் தண்ணீர் பட்டபாடு. தமிழ் என்றால் அக்காவின் தமிழ் மட்டும்தான்.

அன்று சாயங்காலம் கல்யாணச் சேதியைச் சொன்னேன். முதலில் குதித்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, நானே எழுதி, நானே மேடையில படிச்சேன். நானே ஏறிப் போனா என்ன சொல்வாங்க?"

"கல்யாணம்மா. ஒரே ஒரு தடவை."

"உன் மேசைக்கு வரவங்களும் அதத்தான சொல்றாங்க? அவங்ககிட்ட நீ என்னா சொல்ற?"

என்ன சொல்வேன்! பகல் முழுவதும் அடுத்தவனிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து மகளிடம் ஏறு ஏறு என்று கெஞ்சுகிறவனை உங்கள் பாஷையில் என்னவென்று சொல்வீர்களோ எனக்குத் தெரியாது.

அவளும் சும்மா இல்லை. தரை வழியாகக் காஞ்சிபுரம் போக முடியுமா என்று பார்த்தாள். மெய்யாகத்தான்! ரயில், பேருந்து, மறுபடி ரயில். ஒரு இடத்தில் எல்லை மூடியிருக்கிறது, ஒரு இடத்தில் சண்டை, ஒரு நாட்டில் விசா தர மாட்டான். சரக்குக் கப்பலில் இடம் கிடைக்குமா என்று விசாரித்தாள். போய்ச் சேர்வதற்குள் ஆதிக்குப் பிள்ளையே பிறந்துவிடும். தை மாதம் பரீட்சை வேறு.

கமலா ஒரேயடியாக எரிந்து விழுந்தாள். "பெத்தவ சொன்னா ஏறாது. யூனிவர்சிட்டி சொன்னா வேதவாக்கு. நல்லா வளத்தோம்!"

நேமி அழுதுகொண்டே அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தையைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இல்லாமலா இருக்கும்?

4

இதை அக்காவிடம் சொல்வது என் தலையில் விழுந்தது.

அக்கா பட்டுப் புடவைக் கடைகளுக்கு அட்டைப் பெட்டி செய்து கொடுக்கிறாள். கடையில் புடவையை மடித்து வைத்துத் தருவார்களே, அந்தப் பெட்டி. பெட்டிதான் செய்வாளே தவிரப் பட்டு உடுத்த மாட்டாள். பூச்சியைக் கொதிக்க வைத்து எடுக்கிற நூல் வேண்டாம் என்பாள். நாங்கள் சமணக் குடும்பம். சமணரில் இவள் கொஞ்சம் அழுத்தமான ஆள்.

மாமா போன பிறகு அவள் திக்விரதம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு திசையிலும் இதுவரைதான் போவேன், அதைத் தாண்டிக் கால் வைக்க மாட்டேன் என்று எல்லை கட்டிக்கொள்வது. தெற்கே ஓரிக்கைப் பாலாறு, மேற்கே திருப்புட்குழி, கிழக்கே ஐயம்பேட்டை, வடக்கே பொன்னேரிக்கரை. அவ்வளவுதான் அவள் உலகம். ஓட ஓட அத்தனை உயிருக்கு இம்சை, ஓட்டத்தைக் குறைத்தால் அதுவும் குறையும் என்பது கணக்கு. பெண் வீட்டார் வந்தவாசிப் பக்கம்; கல்யாணம் அங்கே வைப்பதாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஆற்றைத் தாண்ட மாட்டாள் என்றதும் மறுபேச்சு இல்லாமல் காஞ்சிபுரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். விரதம் என்றால் எங்கள் ஜனங்களிடம் அப்படி ஒரு மரியாதை.

நான் விஷயத்தைச் சொன்னேன். டூர்சாம் என்ற சொல்லையும் சொல்லித் தொலைத்தேன்.

"என்னாது? டூர் போவக்கூடாதுன்றதுக்குப் பேரே டூர்சாமா? யாருடா வச்சது?" என்று சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. "நெசமாவே வரமாட்டாளா?"

"வரமாட்டேங்கறாக்கா."

"டேய், அவ யாரு? மாமன் பொண்ணு. ஆதிக்கு மொறப்பொண்ணு. அவ வரலன்னா நாலு பேரு என்னா பேசுவான்? இவனத்தான் கட்டிக்கணும்னு இருந்தா, இவன் வேற எடத்துல கட்டறான், அதான் மூஞ்சத் தூக்கிக்கினு அங்கயே குந்திக்கினு இருக்கான்னு சொல்லமாட்டான்?"

அடக் கடவுளே! எனக்கு இது உறைக்கவே இல்லை. அக்கா சொன்னது நாலே நாளில் பலித்தது. பெண்ணின் அம்மாவே போன் செய்து கேட்டுவிட்டாளாம்: "ஏம்மா, உங்க தம்பி பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் முன்னாடி ஏதாச்சும் பேச்சுவார்த்தை இருந்துச்சா? மனசுல இருக்கறத இப்பவே சொல்லிடுங்க." தாம்பூலம் மாற்றுவதையும் தள்ளி வைத்தார்கள்.

"காத்துல பொகை சேருதாம், அதனால வரலன்னு சொன்னேன்டா. அந்தம்மா போன்ல ஒரு மாதிரி இழுக்குது. வாயில வந்ததப் பேசறேன்னு நெனச்சிக்கிச்சு. இந்தச் சம்பந்தம் ஒடஞ்சா என் புள்ள மொகத்துல நான் எப்படிடா முழிப்பேன்?" அக்கா போனிலேயே அழுதாள். மாமா செத்தபோதுகூட என் எதிரில் அழாதவள்.

5

பிறகு நடந்ததை ஆதிதான் எனக்குச் சொன்னான்.

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் நேரிலேயே பேசித் தீர்த்துவிடலாம் என்று வந்திருக்கிறார்கள். அக்கா காபி கொடுத்துவிட்டு, எடுத்த எடுப்பில், "என் மருமவ ஏன் வரலன்னா, அவ திக்விரதம் எடுத்துக்கினு இருக்கா" என்றாளாம்.

பெண்ணின் அப்பா தம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். "மருமகளா? எங்க பொண்ணு இன்னும் வாசப்படியே மிதிக்கல. அதுக்குள்ள இன்னொரு மருமகளா?"

"ஐயோ, தம்பி பொண்ணுப்பா! தம்பி பொண்ணு எனக்கு மருமவதான?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆதி வெளியே ஓடிப்போய்ச் சிரித்தானாம்.

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகுதான் அந்த இன்னொரு சொல் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. திக்விரதமா? அந்த ஊரிலா? இந்த வயதிலா? எத்தனை காலத்துக்கு?

"படிப்பு முடியற வரைக்கும். ஆகாசத்துல ஏறக்கூடாது."

"யாரு முன்னாடி எடுத்துக்கிச்சு?"

"அவங்க யூனிவர்சிட்டிதான் குடுத்துச்சு. அத்தினி ஜனம் பாக்க மேடையில நின்னு எடுத்துக்கிச்சு."

பெண்ணின் அம்மா இருந்த இடத்திலேயே கை கூப்பினாளாம். "எங்க வீட்டுப் புள்ளைங்க ராத்திரி சாப்பாட்ட விடச் சொன்னாலே மொறைக்குது" என்றாளாம். மறுநாளே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

இதைக் கேட்டு எனக்குச் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, ஏன் இப்படிப் பொய் சொன்னாய் என்றேன்.

"பொய் என்னாடா? நானு ஆத்தத் தாண்டறதில்ல. அவ கடலத் தாண்டறதில்ல. நான் எடுத்தா விரதம், அவ எடுத்தா வேற ஒண்ணா?"

யோசித்துப் பார்த்தேன். பதினேழு வண்ணக் கட்டத்தில் எதிலும் இந்தச் சொல் இல்லை. ஆனால் வேறு என்ன என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.

6

நேமி சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"விரதம் இல்லப்பா அது. சாமிக்காக எடுக்கல. அத்தை ஏன் அப்படிச் சொன்னாங்க? நான் அவ்ளோ பெரிய ஆளு இல்ல."

இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு காலையில், காலணி மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் வரேன். கமிட்டியில இருந்து விலகிடறேன். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டே விலகறேன். அத்தைதான் எனக்கு முக்கியம்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கமலா அங்கேயே பயணச்சீட்டு தேட ஆரம்பித்தாள். நான் அக்காவைக் கூப்பிட்டேன்.

"வேணாம்" என்றாள் அக்கா.

"என்னக்கா வேணாம்? நேமி வரா! நீ கேட்டதுதான!"

"கேட்டேன். இப்ப வேணாம். ஊரு பூரா தெரிஞ்சிடுச்சு. விரதம் எடுத்தவ பாதியில விட்டுட்டு வந்தா என்னா ஆவும்? அதுவும் என் புள்ள கல்யாணத்துக்காக விட்டான்னா அந்தப் பாவம் யாரு தலையில வந்து விடியும்?"

நேமி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "அத்த, நான் வந்துக்கினே இருக்கேன்."

"வராதம்மா."

"நான் உனக்கு வேணாமா?"

"நீ வேணும்மா. ஆனா வராத."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் நாலு வார்த்தை கேட்கலாமென்று இருந்தது. முதலில் வா என்றவள் வராதே என்கிறாள், வரமாட்டேன் என்றவள் வருகிறேன் என்கிறாள். நடுவில் நான் என்ன ஊமையா, ஆட்டத்துப் பந்தா? கமலா மெதுவாக ஒரு சீட்டை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள்.

கடைசியில் நேமி கமிட்டியில் இருந்து விலகவும் இல்லை, வரவும் இல்லை. உறுதிக்காக வராமல் இருந்தாளா, அத்தை சொன்னதற்காக வராமல் இருந்தாளா என்று கேட்டேன். "எனக்கே தெரியலப்பா" என்றாள்.

7

நானும் கமலாவும் போனோம். சொந்தப் பயணம் பல்கலைக்கழகக் கணக்கில் வராது. அந்த விதியையும் எங்கள் பிரிவில்தான் எழுதினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.

மண்டபத்தில் எங்கே திரும்பினாலும் நேமி பேச்சுதான். இதுவரை முகம் பார்த்திராத கிழவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல புள்ளய பெத்திருக்கீங்க" என்றார். பெண்ணின் அம்மா நேமிக்கென்று தனியாக ஒரு புடவை எடுத்து வைத்திருந்தாள், அக்காவிடம் கேட்டு, பட்டு இல்லாததாகப் பார்த்து. தாலி கட்டும்போது ஆதியின் நண்பன் செல்பேசியைத் தூக்கிப் பிடித்தான். அதற்குள் நேமி. அங்கே விடியக்கூட இல்லை. பல்கலைக்கழகப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு கை தட்டினாள். இருட்டினால் சாப்பிடாத எங்கள் சமண வழக்கப்படி, பொழுது சாய்வதற்குள் பந்தி முடிந்தது.

மறுநாள் அக்கா பெட்டி மடிக்கும் பட்டறையில் உட்கார்ந்திருந்தோம். முகூர்த்த மாதம் என்பதால் பெட்டி கேட்டு ஆள் வந்துகொண்டே இருந்தது. அவள் அட்டையை மடிக்க, நானும் ஒன்று எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா, அவ விரதத்துல வெலக்கு ஏதாச்சும் இருக்குதா? அவசர ஆத்தரத்துக்கு?"

"இருக்குதுக்கா. நெருங்கின சொந்தத்துக்கு ரொம்ப முடியலன்னா வரலாம். இல்ல..." என்று நிறுத்தினேன்.

"செத்தா வரலாம். அதான?" அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "அப்ப எனக்கு ஒண்ணுன்னா வந்துடுவா."

மாணவர் உறுதியிலும் சரி, வேலைப் பயணத்தின் நடுவே அவசரமாகத் திரும்புகிறவர் விமானம் ஏறலாம் என்கிற எங்கள் விதியிலும் சரி, நெருங்கிய சொந்தம் என்றால் பெற்றோர், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள், கணவன், மனைவி, தாத்தா, பாட்டி. அந்த நாட்டில் அத்தை நெருங்கிய சொந்தத்தில் சேர்த்தி இல்லை. விதியைத் தட்டச்சு செய்யும்போது எனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

"கண்டிப்பா வருவாக்கா" என்றேன்.

"என்னுது அப்படி இல்ல. எனக்கு வெலக்கே கெடையாது. உனக்கு ஒண்ணுன்னாலும் நான் பொன்னேரிக்கரைய தாண்டி வரமுடியாது, தெரியுமில்ல? மனசுல வச்சிக்காத."

"தெரியும்க்கா."

ஒரு பெட்டியை முடித்து அடுக்கின்மேல் வைத்தாள். "ஆமா, உனக்கு என்னா விரதம்?"

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லக்கா."

"ஆத்தத் தாண்டலாம், கடலத் தாண்டலாம், எப்ப வேணா ஏறலாம்?"

"ஏறலாம்."

"அப்ப நீ ஏன்டா வரதேயில்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லீவு கிடைப்பதில்லை, கமலாவுக்கு ஷிப்ட், வீட்டுக் கடன், நேமியின் படிப்பு என்று எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. கையிலிருந்த அட்டையை மடிக்க ஆரம்பித்தேன்.